தவிட்டுத் தேசத்துக்கு ஒரு புத்தகம்

பரந்தன் சந்தியிலிருந்து சற்று உள்ளே போனால் ஓர் அரிசி ஆலை இருந்தது. அங்கே அழகம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டால், நெல் காயப்போடுகிற வேலை என்பார்கள். அவித்த நெல்லைச் சீமெந்துத் தளத்தில் பரப்ப வேண்டும். வெறுங்காலால் நெல்லுக்குள் நடந்து வரிவரியாகக் கிளறிவிட வேண்டும். கோழியையும் காகத்தையும் துரத்த வேண்டும். வானம் இருட்டினால் ஓடி ஓடிக் கூட்டிக் குவிக்க வேண்டும். எல்லாம் உண்மைதான். ஆனால் அவள் அங்கே ஒரு நாட்டையும் நடத்திக்கொண்டிருந்தாள். நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். நான் அந்த நாட்டில் கள்ளியாக இருந்தவள், எனக்குத் தெரியும்.

என் பெயர் புனிதமலர். பிறந்தது முல்லைத்தீவுக் கரையில். வீட்டில் எல்லோரும் மீன் மணக்க, நான் மட்டும் மை மணக்க வேண்டும் என்று பரந்தனுக்கு வந்து, பரமலிங்கம் என்பவருடைய அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், செத்தவர்களின் நினைவாக அடிக்கும் கல்வெட்டு, வருஷத்துக்கு ஒரு பஞ்சாங்கம் என்று காலம் போனது. அச்சகத்தில் மத்தியான வேளையில் தகரக் கூரை சட்டியாகக் காயும். அதனால் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த ஆலை வளவுக்கு, வேம்பு நிழலுக்குப் போய்விடுவேன்.

முதல் நாள் நான் கண்டது இதுதான். நெல்லுக்குள் மெலிந்த ஒரு பெண் நின்றாள். கால் பெருவிரலால் நெல்லை ஒதுக்கி நீளமாக ஒரு கோடு இழுத்தாள். சீமெந்து தெரிந்தது. "இது ஆறு" என்றாள். குதிகாலால் ஒரு குழி செய்து "இது சந்தை" என்றாள். வேம்புக்குக் கீழ் இருந்த ஆலைப் பெண்கள் நாலைந்து பேர் சோற்றைக் கையில் உருட்டியபடியே, கோர்ட்டில் தீர்ப்புக் கேட்பவர்களைப் போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைக் கண்டதும் அவள் கேட்டாள்: "அக்கா, நீங்க யாரா இருக்கீங்க?"

"நான் பிரசிலை வேலை செய்யிறனான்."

"அது இங்க. அங்க யாரா இருக்கீங்க?" நெல்லைக் காட்டினாள். "ராணி இருக்கு, மருத்துவச்சி இருக்கு, வரி வாங்குறவன் இருக்கான், படகுக்காரன் இருக்கான். கள்ளி ஒருத்தியும் சும்மாதான் இருக்கா."

எனக்கு என்ன பிசாசு பிடித்ததோ, "கள்ளி" என்று சொல்லிவிட்டேன். ஒரு கொண்டை ஊசிகூடத் திருடாத பரம்பரை எங்களுடையது. கொஞ்ச நேரத்தில் நான் சந்தைக்குள் நின்றேன். காவல்காரன் உறங்கினான். அவன் இடுப்பில் சாவி தொங்கியது. என்ன செய்யப் போகிறீர்கள் என்று அழகம்மா கேட்டாள். என் நெஞ்சு மெய்யாகவே அடித்துக்கொண்டது. சாவியை எடுக்கிறேன் என்றேன். கையில் ஐந்து புளியங்கொட்டைகளைத் தந்தாள். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சீமெந்தில் தேய்த்து வெள்ளையாக்கியது. வெள்ளை கூட விழுந்தால் நினைத்தது நடக்கும், கறுப்புக் கூடினால் வேறேதாவது நடக்கும். எனக்குக் கறுப்புத்தான் கூடியது. காவல்காரனுக்குத் தும்மல் வந்தது. அன்று அச்சகத்துக்குப் பிந்திப் போய்ப் பரமலிங்கத்தாரிடம் ஏச்சு வாங்கினேன். ஏச்சு ஒரு காதிலும் ஏறவில்லை. தும்மிய பிறகு அவன் என்னைக் கண்டானா இல்லையா என்பதுதான் மண்டைக்குள் ஓடியது.

அந்த நாட்டுக்குத் தவிட்டுத் தேசம் என்று பெயர். ஆளுக்கொரு ஆளாகிவிட்ட பிறகு, மிச்சமெல்லாம் அழகம்மா. காவல்காரன், காற்று, காய்ச்சல், சந்தை விலை, ராணியின் மாமியார், எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரும். இப்படி வெளியே நின்று ஆட்டத்தை நடத்துகிற ஆளுக்கு அவள் வைத்த பெயர் மழை. நெல் காயப்போடுகிறவர்களுக்கு, வந்தும் வராமலும் எல்லாவற்றையும் தீர்மானிப்பது மழைதானே.

மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள் அவள். எழுபத்தேழுக் கலவரத்தில் அவர்கள் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். சங்கிலி என்ற தன் புருஷனோடு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்து, உருத்திரபுரத்தில் ஒரு கொட்டில் போட்டிருந்தார்கள். இந்த விளையாட்டு எப்படி வந்தது என்று ஒருநாள் கேட்டேன்.

"இங்க வேலைக்கு வந்த புதுசுல எல்லாரும் படக்கதை சொல்லுவாங்க. நான் ஒரு படமும் பாத்ததில்லைக்கா. என் முறை வந்துச்சு. சொல்ல ஒன்னுமில்ல. சரி, நீங்க ராணியா இருங்க, என்ன செய்றீங்கன்னு சொல்லுங்க, என்ன ஆகும்னு நான் சொல்றேன்னுட்டேன். அப்படியே பழகிப்போச்சு."

பொழுது சரிய நெல்லைக் கூட்டுவார்கள். ஆறும் சந்தையும் ராணியின் கோட்டையும் சாக்குக்குள் போய்விடும். மறுநாள் அவள் புதிதாக இழுக்கும்போது, "நேற்று ஆறு கிணத்தடிப் பக்கமெல்லே ஓடினது" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். எனக்கு அந்தச் சண்டைகள் பிடிக்கும். வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை பிடிக்கிற ஊரில், இல்லாத ஆற்றுக்கும் சண்டை பிடிக்க ஆள் இருந்தது.

ஒருநாள் எல்லோரும் எழுந்து போன பிறகு அழகம்மா என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அக்கா, உங்க பிரஸ்ல இத அடிக்க முடியுங்களா?"

"எதை?"

"தேசத்த. யார் யாரு எங்க இருக்காங்க, எத்தன வெள்ள விழுந்தா என்ன ஆகும், எல்லாத்தையும் எழுதித் தாறேன். அஞ்சாப்பு படிச்சிருக்கேன்."

"ஏன், உனக்குத்தான் எல்லாம் தெரியுமே?"

"அதான்க்கா வெசனம்" என்றாள். "நான் ஒரு தடவகூட அங்க போனதில்ல. எல்லாரையும் அனுப்பிட்டு நான் மட்டும் வெளிய நிக்கிறேன்."

அதுவரை நான் அதை யோசித்ததே கிடையாது. மழையாக இருப்பவள் உள்ளே ஓர் ஆளாக இருக்க முடியாது. மற்றப் பெண்களை மழையாக்கிப் பார்த்திருக்கிறாள். ஒருத்தி எல்லோரையும் வெல்லவைத்துவிட்டாள். இன்னொருத்தி பாதியில், 'எனக்கு உந்த ஊரில ஆரையும் தெரியாது, நான் மாட்டன்' என்று எழும்பிவிட்டாள். நாட்டை எழுதிக் கையில் கொடுத்தால், படிக்கத் தெரிந்த யாரும் மழையாகலாம். அவள் உள்ளே போகலாம்.

"போனால் ஆராய் இருப்பாய்? ராணியாவோ?"

"படகுக்காரன்" என்று உடனே சொன்னாள். எப்போதோ முடிவெடுத்து வைத்திருக்கிறாள். "தேசத்துக்கு ஓரத்துல ஒரு ஏரி இருக்குல்ல, அதுக்கு அக்கரையில என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. வேணும்னே யோசிக்காம விட்டிருக்கேன். நான் போய்ப் பாக்கணும்."

பரமலிங்கத்தார் கெட்டவரில்லை. தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக ஆக்காமல் விடமாட்டார், அவ்வளவுதான். அழகம்மா கொண்டுவந்த தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"கதையோ?"

"இல்லைங்க ஐயா."

"பாட்டோ?"

"இல்லைங்க."

"முடிவு எங்கை கிடக்கு?"

"முடிவு இல்லைங்க. வெளையாடுறவங்கதான் முடிக்கணும்."

"முடிவில்லாத புத்தகத்துக்கு நான் எவ்வளவு பேப்பர் ஒதுக்கிறது பிள்ளை?" என்றார். ஆனாலும் விடவில்லை. அது வேலை குறைந்த மாதம். அவள் சீட்டுப் போட்டு எடுத்த காசைக் கொண்டுவந்திருந்தாள். பஞ்சாங்க அட்டைக்கு வாங்கிய மஞ்சள் தாள் வேறு மூலையில் தூசி பிடித்துக் கிடந்தது. "சரி, அடிப்பம்" என்றார்.

கோத்தது நான்தான். பக்கத்துக்குப் பக்கம் மழை, மழை, மழை. எங்களிடமிருந்த 'ழ' எல்லாம் இரண்டு பக்கத்தோடு தீர்ந்துபோகும். அடித்து முடித்து எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போட்ட பிறகுதான் அடுத்த பக்கம். அது பெரிய கரைச்சலில்லை. படம்தான் கரைச்சல். அழகம்மா வரைந்து தந்த நாட்டில் எல்லாம் வளைந்து நெளிந்து கிடந்தது. அப்படியே அச்சில் வர வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்தில் புளொக் என்கிற படக்கட்டை செய்விக்க வேண்டும். அதற்கு வழியில்லை. என்னிடம் இருந்தவை கோடு போடுகிற பித்தளைத் தகடுகள். அவற்றை வைத்துத்தான் ஆறு, வழி, எல்லை எல்லாம் போட்டேன். பித்தளை வளையாது. தவிட்டுத் தேசம் நாலு மூலைச் சதுரமாகி, உள்ளே கட்டம் கட்டமாக வந்தது.

முதலில் அடித்துப் பார்த்த புரூவைக் கண்ட அழகம்மா கேட்டாள்: "ஆறு ஏன்க்கா இப்படி வெறப்பா ஓடுது?"

"ஆறு பயந்திட்டுது."

சிரித்தாள். "பரவால்ல. வாய்க்கால்னு வச்சுக்கலாம்."

அந்தச் சதுரம் என்ன போல இருக்கிறது என்பது சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரியான எனக்குப் படவில்லை. மாரியம்மனைக் கும்பிட்டாலும் ஒருநாளும் சாதகக் குறிப்புப் பார்த்தறியாத அழகம்மாவுக்கும் படவில்லை. பரமலிங்கத்தாருக்குப் பட்டிருக்க வேண்டும். அவர் வாய் திறக்கவில்லை. தலைப்புக்கு மேலே பிள்ளையார் சுழி போட்டார். பஞ்சாங்கத்துக்குக் கட்டி வைத்திருந்த பூக்கரையை எடுத்து அட்டையைச் சுற்றி வைத்தார். மஞ்சள் அட்டை தைத்தார். பஞ்சாங்கம் வாங்கும் கடைகளுக்கே கட்டிக் கொடுத்தனுப்பினார். கற்பூரத்துக்கும் நல்லெண்ணெய்க்கும் நடுவில் போய்க் குந்தியது எங்கள் தேசம்.

புத்தகம் ஓடியது ஓட்டம்! கண்டாவளைக் கடையில் கட்டு முடிந்துபோய் இன்னொரு கட்டுக் கேட்டார்கள். அழகம்மாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. "இந்நேரம் எங்கயோ யாரோ மழையா இருக்காங்க, இல்லக்கா?" என்று ஒவ்வொரு மத்தியானமும் கேட்பாள். "எப்படி விளையாடுறாங்கன்னு ஒருக்கா பாத்துட்டு வரலாமா? நல்லா மழையா இருக்கிற ஆளாப் பாத்து, எனக்கும் ஒரு ஆட்டம் வைங்கன்னு கேட்டுக்கலாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு நான் வர, இரண்டு பேரும் கண்டாவளைக்கு பஸ் ஏறினோம். அவள் தலைக்குப் பூ வைத்திருந்தாள்.

கடைக்காரரிடம் அந்தப் புத்தகத்தை எப்படி விளையாடுகிறார்கள் என்று கேட்டோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"விளையாடுறதோ? பிள்ளையள், அது சாத்திரப் புத்தகம். நல்லாய்ப் பலன் சொல்லுது. போன கிழமை ஒருவருக்குக் காணாமல் போன மாட்டைக் காட்டிக் குடுத்தது."

பிறகு நாங்களே இரண்டு வீட்டில் பார்த்தோம். கால் கழுவி வந்து, விளக்கேற்றி, நெற்றியில் கொட்டைகளை ஒற்றி எடுத்துப் போடுகிறார்கள். மகளுக்குச் சம்பந்தம் சரிவருமா? கேட்டால் புத்தகம், 'ராணியின் ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள்' என்கிறது. பெரிய இடம் வருகிறது என்று பொருள் சொல்லிச் சந்தோஷப்படுகிறார்கள். அந்தச் சதுரப் படத்துக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். கிரகம் நிற்கிற கட்டமாம்! ஒருவரும் ராணியாகவில்லை. ஒருவரும் கள்ளியாகவில்லை. அந்த ஊர் முழுவதிலும் தவிட்டுத் தேசத்துக்குள் ஒரு சனம் இல்லை.

திரும்பி வரும்போது அழகம்மா பஸ் ஜன்னலோடு தலையைச் சாய்த்திருந்தாள். பரந்தன் கிட்ட வந்தபோதுதான் வாய் திறந்தாள்.

"வெளையாடத்தானேக்கா எழுதினேன். கும்பிடவா எழுதினேன்?" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும். இறங்கியதும் நேரே பரமலிங்கத்தார் வீட்டுக்கே போய்க் கத்தினேன்.

"சாத்திரம் எண்டு நான் எங்கையேன் போட்டனானோ?" என்றார் அவர், சாவதானமாக. "சனம் விரும்பி வாங்குது. ரெண்டாம் பதிப்பு அடிப்பம். இந்த முறை அட்டையில பிள்ளையார் படமும் போட்டால் எடுப்பாய் இருக்கும்."

அழகம்மா இரண்டாம் பதிப்பு வேண்டாம் என்றாள். நெல்லில் கோடு இழுப்பதையும் விட்டாள். கேட்டால், கால் நோகிறது என்பாள். நாங்கள் வேம்புக்குக் கீழ் ஊர்க் கதை பேசினோம். கள்ளியாக இருந்தவளுக்கு ஊர்க் கதை உப்பில்லாத கூழ்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் கண்டாவளையிலிருந்து இளையதம்பி என்ற, வயல் செய்கிற கமக்காரர் ஆலைக்கு வந்தார். நெல்லுக் குத்த வரவில்லை. மஞ்சள் புத்தகத்தைத் துவாயில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, இதை எழுதின ஆள் யார் என்று விசாரித்து வந்தார். அழகம்மாவைக் காட்டியதும் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். அவளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"பிள்ளை, எனக்கு ஒரு விளக்கம் வேணும். கொட்டை போட்டனான். அஞ்சும் கறுப்பு. 'படகுக்காரன் ஏமாற்றுவான்' எண்டு கிடக்கு. என்ரை மகளை நீரேரிக்கு அங்காலை குடுத்திருக்கு. வள்ளத்திலதான் போகவேணும். பேரன் பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவும் முடிஞ்சுது. நான் போகேல்லை. எந்த வள்ளக்காரன், எப்ப ஏமாத்துவான் எண்டு சொன்னால், அவனை விட்டிட்டு வேறை வள்ளத்தில போவன்."

அழகம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, ஐயா! அது வெளையாட்டுங்க. நான் சும்மா மனசுல நெனச்சு எழுதினதுங்க. நீங்க போய்ப் பேரனப் பாருங்க."

அவர் நம்பவில்லை. கெட்ட பலனை மறைக்கிறாள் என்றே நினைத்தார். "பயப்பிடாமல் சொல்லு பிள்ளை" என்றார்.

சொல்லி விளங்காது என்று கண்ட அழகம்மா, விளையாடிக் காட்டுகிறேன், நீங்கள் ஓர் ஆளாகுங்கள் என்றாள். மனிதர் துள்ளி எழுந்தார்.

"நான் வேறை ஆளாக மாட்டன். எனக்கே ஏழரைச் சனி. அந்த ஆளுக்கு என்ன இருக்கோ, அதையும் ஏன் வாங்கித் தலையில போடுவான்? வேணுமெண்டால் புத்தகத்தை வாசிக்கிறன். வாசிக்கிறதில பிழையில்லை."

நான் அழகம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். புத்தகத்தை வாசிப்பவர்தானே மழை! ஆட்டத்துக்கு இனி ஓர் ஆள்தான் வேண்டும்.

"நான் படகுக்காரன்" என்றாள் அழகம்மா.

அவர் தொட்டியடியில் கை கால் கழுவிவிட்டு வந்தார். சப்பாணி கட்டி இருந்து, புத்தகத்தை விரித்து, தேவாரம் படிக்கிற குரலில் தொடங்கினார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்புப் போய்விட்டது. இத்தனை வருஷமும் அழகம்மா சொல்லக் கேட்டிருக்கிறோம், அவள்கூட இப்படிச் சொன்னதில்லை. அவளுக்கு அது கற்பனை. இவருக்கு அது மெய். ஏரியில் சோழகக் காற்று எழும்புகிறது என்றபோது நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். வள்ளத்தில் ஒரு கிழவன் ஏறுகிறான் என்றார். மடியில் பேரனுக்கு ஒரு வெள்ளி அரைஞாண் முடிந்து வைத்திருக்கிறான் என்றார்.

"ஐயா, இது புத்தகத்துல இல்லையே" என்றாள் அழகம்மா.

"புத்தகத்தில எல்லாத்தையும் போடுவினமோ? கொட்டையைப் போடு."

போட்டாள். ஐந்தும் கறுப்பு. ஆலைப் பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். இளையதம்பி புத்தகத்துக்குக் குனிந்தார். "படகுக்காரன் ஏமாற்றுவான்" என்று வாசித்துவிட்டு, நிமிர்ந்து அவளை முறைத்தார். "சொல்லு. அந்தக் கிழவனை என்ன செய்யப் போறாய்?"

அழகம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "ஏமாத்துறேன்" என்றாள். "கரை இன்னும் ரொம்பத் தூரம், பயப்படாமத் தூங்குங்கன்னு பொய் சொல்றேன். அவரு தூங்குறாரு. காத்துக்குப் பயப்படுறவரு இல்லையா, அதான் அந்தப் பொய். அவரு கண்ணத் தொறக்கிறப்ப படகு கரை தட்டி நிக்குது."

இளையதம்பி வாயைப் பிளந்தபடி இருந்தார். பிறகு அவருடைய உடம்பு முழுவதும் குலுங்கியது. "உந்த ஏமாத்தோ!" என்று சிரித்தார். "உந்த ஏமாத்துக்கோ நான் பேரப்பிள்ளையைப் பாக்காமல் இருந்தனான்!"

"கரையில என்ன இருக்குங்க ஐயா?" அழகம்மா கண்ணைத் திறக்கவில்லை.

அவர் பக்கத்தைப் புரட்டினார். முன்னுக்கும் பின்னுக்கும் தேடினார். "அக்கரையைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையே, பிள்ளை."

"எழுதலைங்க. நீங்கதான் சொல்லணும்."

அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். நெல்லுக்குள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு முருங்கை" என்றார். தேவாரக் குரல் போய்விட்டது. "முருங்கைக் கொப்பில ஏணை கட்டிக் கிடக்கு. பழைய சேலை, பச்சைக் கரை. உள்ளுக்குப் பிள்ளை முழிச்சுக்கொண்டு கிடக்கு. வாசல் படலை திறந்தபடி. கன நாளாய்த் திறந்தபடிதான். ஆரோ வருவினமெண்டு சாத்தாமல் விட்டிருக்கினம்." நிறுத்தினார். "கிழவன் இறங்கீட்டான்."

அவரும் எழும்பிவிட்டார். வேட்டியைத் தட்டினார். இப்போது வெளிக்கிட்டால் பொழுதுபட முன்னம் வள்ளம் பிடிக்கலாம் என்றார். அழகம்மா பதறிக்கொண்டு கண்ணைத் திறந்தாள்.

"ஐயா, நான்? படகுக்காரன் என்ன ஆனான்? அக்கரையில வேற என்ன இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நான் இன்னும் போகேல்லையே!" என்றார். "நீ அங்கையே நில்லு. வந்து சொல்லுறன்." புத்தகத்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு சந்தியைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் வேம்புக்குக் கீழ் கூடினோம். ஆட்டம் நின்ற நாளிலிருந்து எனக்குக் காவல்காரன் விஷயம் முடியாமல் கிடந்தது. அழகம்மாவை மழையாக இருக்கச் சொல்லிக் கெஞ்சினோம். அவள் நெல்லின் ஓரத்தில், கோடு ஒன்றும் இழுக்காத இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"முடியாதுக்கா. நான் அக்கரையில நிக்கிறேன்."

"நிண்டு என்ன செய்யிறாய்?"

"அந்த முருங்கைக்குப் பின்னால ஒரு பாத போகுது. அது எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"எங்கை போகுது?"

"தெரியாதுக்கா!" என்றாள் அழகம்மா. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவள் முகத்தில் அதற்கு முன் கண்டதில்லை.